ஒன்பது வருட வலைப்பூவைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளக் குடியிருப்பைப் பற்றி ஒன்பது வருடமாக வலைப்பூவில் எழுதி வருகிறேன். என் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். முந்நூறு கட்டுரைக்கு மேல் சேர்ந்துவிட்டது, பழைய குடும்பங்கள் கொடுத்த படங்களும் நிறைய இருக்கின்றன. இப்போது ஒரு பெரிய ஊடக நிறுவனம், எல்லாவற்றையும் எங்கள் தளத்துக்குக் கொண்டுவாருங்கள், மாதம் ஒரு தொகை தருகிறோம் என்கிறது. வீட்டில் எல்லாரும் உடனே சரி சொல்லச் சொல்கிறார்கள், எனக்குத்தான் மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, சகோதரி. போகலாம், ஆனால் வலைப்பூவை வாடகைக்கு விடுங்கள், விற்காதீர்கள். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை விடும்போதுகூட எத்தனை மாதம், எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்கிறோம். ஒன்பது வருட உழைப்புக்கு அதைவிடக் குறைவாகவா கேட்பது?

அமெரிக்காவில் நேட் சில்வர் என்பவர் தேர்தல் கணிப்புகளுக்காக ஃபைவ்தர்ட்டிஎயிட் என்ற வலைப்பூவை நடத்தினார். 2010இல் அதை நியூயார்க் டைம்ஸுக்கு மூன்று வருட உரிமத்தில்தான் கொடுத்தார், அதனால் 2013இல் பெயரையும் எடுத்துக்கொண்டு வெளியே வர முடிந்தது. அப்புறம் விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன் நிறுவனத்துக்கு விற்றார். 2023இல் அவர் விலகியபோது பெயர் அதன் தாய் நிறுவனமான டிஸ்னியிடமே தங்கிவிட்டது, 2025 மார்ச்சில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். முதல் தடவை கையெழுத்துப் போட்ட மாதிரிதான் நீங்களும் போட வேண்டும்.

இன்னொன்று, படிப்பவர்கள். சட்டப் பேராசிரியர்கள் சேர்ந்து நடத்திய வோலோக் கான்ஸ்பிரசி என்ற அமெரிக்க வலைப்பூ 2014இல் வாஷிங்டன் போஸ்ட்டுக்குப் போனது. என்ன எழுதுவது என்பதில் பத்திரிகை தலையிடாது என்று பேசிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் சந்தா கட்டாதவர்கள் படிப்பது கஷ்டமாகிவிட்டது, அதனால் 2017 கடைசியில் ரீசன் இதழின் தளத்துக்கு மாறிவிட்டார்கள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோன மக்களின் கதையை எழுதுகிறீர்கள், அதைப் படிக்கிற முதியவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டதும் பணம் கேட்டால் அப்படியே மூடிவிடுவார்கள். பழைய கட்டுரைகள் என்றைக்கும் இலவசம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பதிப்புரிமை எழுதியவருக்கே, அதை மாற்றிக்கொடுக்க உங்கள் கையெழுத்துள்ள எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் எழுத்தைப் பொதுவில் பயன்படுத்துபவர்கள் உங்கள் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஆனால் அவர்கள் உங்களைச் சம்பள ஊழியராக எடுத்துக்கொண்டால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, வேலைக்காக இனி எழுதுவது நிறுவனத்துக்குச் சொந்தம். மாதத் தொகை என்கிறார்களே, அது சம்பளமா கட்டுரைக்கான ஊதியமா என்று முதலில் கேளுங்கள். எல்லா உரிமைகளும், நிரந்தரமாக என்ற சொற்கள் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

படங்கள்தான் எனக்குப் பெரிய கவலை. கையில் இருப்பதால் அவை உங்களுடையவை ஆகிவிடாது. அந்தக் குடும்பங்கள் உங்களை நம்பி, உங்கள் வலைப்பூவுக்காகக் கொடுத்தவை, பதிப்புரிமை படம் எடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ இருக்கலாம். ஒவ்வொருவரையும் கேட்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். யாராவது வேண்டாம் என்றால் அந்தப் படம் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

பிரதி எடுத்து வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் ஒரு காலத்தில் ஒரு தளத்துக்கு இரண்டு வருடம் வாராவாரம் எழுதினேன். அவர்கள் தளத்தைப் புதுப்பித்த மாதத்தில் அத்தனையும் காணாமல் போயின, என்னிடம் ஒன்றுகூட இல்லை. இன்றும் மனசு ஆறவில்லை. பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலுமே எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு, படங்களைத் தனியாக ஒரு வட்டில் போட்டு வையுங்கள். வலைப்பூவின் முகவரி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புது இடத்துக்கு அனுப்ப 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் இருக்கிறது, முகவரி கையில் இருந்தால் நாளைக்கு விலகும்போது அதைத் திருப்பிவிடலாம். உங்கள் முகவரி டாட் எஸ்ஜி என்று முடிகிறதா? 2019 முதல் அப்படிப்பட்ட தளங்களைத் தேசிய நூலக வாரியம் தனி அனுமதி கேட்காமலே தன் இணையக் காப்பகத்தில் சேமிக்க முடியும். வேறு முகவரி என்றால் சேர்த்துக்கொள்ளும்படி நீங்களே அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்.

நிறுவனத்திடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். படம் கொடுத்த குடும்பங்களை இன்றைக்கே அழைக்க ஆரம்பியுங்கள், வயதில் மூத்தவர்களை முதலில்.