நக்கிப் புண்ணாக்கும் நாய்: எதற்குக் காசு செலவழிக்கலாம்?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 4 வயது. இரண்டு மாதமாக முன்னங்கால்களை நக்கிக்கொண்டே இருக்கிறது. விரலிடுக்கு சிவந்து புளித்த வாடை அடிக்கிறது. இடது மணிக்கட்டின் மேல் ஒரு ரூபாய் அளவுக்கு முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. கடைக்காரர் கசப்பு ஸ்பிரே, ஒமேகா மாத்திரை, தானியமில்லாத தீவனம் மூன்றையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: மூன்றும் இப்போது வேண்டாம். கசப்பைச் சட்டை செய்யாத நாய்கள் நிறைய. ஸ்பிரேயில் ஆல்கஹால் இருந்தால் புண் எரியும்; எரிந்தால் இன்னும் நக்கும்.

முதல் செலவு, வாய் புண்ணுக்கு எட்டாமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு. கழுத்தளவை மட்டும் பார்த்து வாங்கித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாட்டியபின் கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2 அங்குலம் நீள வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். காற்றடைத்த வளையம் நாய்க்குச் சொகுசுதான், ஆனால் முன்பாதம் வாய்க்கு எட்டிவிடும். பாவம் பார்த்து ராத்திரியில் கழற்றிவிடாதீர்கள். பகலெல்லாம் ஆறிய தோலை ஒரு மணி நேரத்தில் உரித்துவிடும்.

அடுத்த செலவு பரிசோதனை. விரலிடுக்கில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை இருப்பது தெரியும். தோலைச் சுரண்டிப் பார்த்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய தோல் உண்ணி தெரியும். புளித்த வாடைக்கு ஈஸ்ட் மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் ஈஸ்ட் பெரும்பாலும் தானாக வருவதில்லை. அடியில் ஒவ்வாமை இருக்கும். நான்கு காலையும் நக்கினால் ஒவ்வாமை, ஒரே இடத்தை விடாமல் நக்கினால் முள், நகக் காயம், மூட்டுவலி என்று பார்க்கத் தொடங்குவார்கள். மணிக்கட்டுப் புண் தடித்துப்போயிருந்தால் எக்ஸ்ரேயும் கேட்பார்கள்.

ஈஸ்ட் என்று உறுதியானால் ஷாம்பு. விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு லேபிளின் பின்பக்கம் படியுங்கள்: குளோர்ஹெக்ஸிடின், மைக்கோனசோல் இரண்டும் தலா 2 சதவீதம் இருந்தால் போதும். வாரம் இரண்டு முறை, பாதத்துக்கு மட்டும். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் நுரையோடு விட்டுக் கழுவுங்கள். இரண்டே நிமிடத்தில் அலசிவிட்டுத்தான் “ஷாம்பு வேலை செய்யவில்லை” என்கிறோம். பிறகு விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் ஈஸ்ட் திரும்பும். திறந்த புண்ணுக்கு ஷாம்பு வேண்டாம். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தட்டை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கழுவலாம்.

தீவனத்தை மாற்றுவது கடைசி. தானியத்தைவிட மாட்டிறைச்சி, பால், கோழிதான் நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை. ‘தானியமில்லாத’ பையிலும் கோழி இருக்கும். மருத்துவர் சொல்லும் தனித் தீவனத்தை மட்டுமே 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது ஒரு பால் பிஸ்கட் போட்டால் சோதனை கெட்டது.

கேள்வி: வீட்டில் மிச்சமிருக்கும் படர்தாமரைக் களிம்பைத் தடவலாமா?

பதில்: கூடாது. அவற்றில் பலவற்றில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். டெமோடெக்ஸ் இருந்தால் அது நோயை முற்ற வைக்கும்; தடவியதை நாய் நக்கி விழுங்கவும் செய்யும். துத்தநாக ஆக்சைடு களிம்பும் வேண்டாம். சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் களிம்பு கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. ஏற்கெனவே நக்கியிருந்தால் வாந்தி வருமா என்று காத்திருக்காமல், டியூபையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.