கம்பெனி சொன்ன மைலேஜ் சென்னையில் ஏன் வருவதில்லை?

"கம்பெனி 20 என்கிறது, வேளச்சேரி–கிண்டி போய்வரும் என் பெட்ரோல் காருக்கு 12தான் வருகிறது, வண்டியில் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இருக்காது. அந்த 20, சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓடவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு எடுத்த கணக்கு. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்?

பெட்ரோலை அதிகம் தின்பது நின்று நின்று போவதுதான். ஒரு டன் வண்டியை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவந்த உழைப்பு, அடுத்த சிக்னலில் பிரேக் மிதித்ததும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. நிற்கும்போதும் இஞ்சின் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியரில் உருளும்போது இன்றைய இஞ்சின்கள் பெட்ரோல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு, ஆபத்தும்கூட.

அப்புறம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் போச்சு. டயரில் காற்று குறைந்தாலும் உருள்வதற்கான தடை கூடி, பெட்ரோல் அதிகம் போகும். காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள்.

ஈசிஆர் காலியாக இருக்கிறதே என்று 100இல் பறந்தால், 80இல் இருந்ததைவிட காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல், டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்துப் பாருங்கள். அதே பாதையில் திடீரென்று 9க்கு இறங்கினால் மெக்கானிக்கிடம் போங்கள். ஏர் ஃபில்டரையும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.