போலந்தில் சோபா தைக்கும் வேலை: நம்பி வரலாமா?

தம்பி, திருப்பூரில் டைலராக இருக்கிறீர்கள், கெம்ப்னோ பக்கம் ஒரு சோபா தொழிற்சாலையில் வேலை வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். "ஃபர்னிச்சர் விற்கும் ஐகியா சுவீடன் கம்பெனிதானே அண்ணா, போலந்தில் அவ்வளவு ஃபர்னிச்சர் தொழில் இருக்கிறதா? நம்பி வரலாமா?" என்பது உங்கள் கேள்வி.

தொழிலை நம்பி வரலாம். உலகத்திலேயே அதிகமாக ஃபர்னிச்சர் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் போலந்து முன்வரிசையில் நிற்கிறது. இங்கே செய்வதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டுக்குத்தான் போகிறது. கெம்ப்னோ, ஸ்வாஷென்ட்ஸ் வட்டாரங்களில் இது தலைமுறைத் தொழில்.

ஐகியா பெரிதானதில் போலந்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுவீடனில் ஸ்மோலாந்து என்ற கல்லும் காடுமான பகுதியில், 1943-இல், 17 வயதில் இங்வார் காம்ப்ராட் அந்த வியாபாரத்தைத் தொடங்கினார். முதலில் சில்லறைச் சாமான்கள், 1948-இல்தான் ஃபர்னிச்சர். விலையைக் குறைத்து விற்றதால் மற்ற வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். கண்காட்சிகளில் அவருக்கு இடம் தரவிடாமல் தடுத்தார்கள். அவருக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்று சுவீடன் பட்டறைகளையும் நெருக்கினார்கள். வேறு வழியில்லாமல் 1961-இல் போலந்துக்கு வந்தார். அப்போது இது கம்யூனிஸ்ட் நாடு. காடு இருந்தது, கைத்தேர்ச்சி இருந்தது, அந்நியச் செலாவணிதான் இல்லை. வளைத்த மரத்தில் செய்த ஓக்லா நாற்காலி போன்றவை இங்கிருந்து மலிவாகப் போகத் தொடங்கின. அந்த மலிவு விலையின் பின்னால் போலந்துத் தொழிலாளியின் உழைப்பு இருக்கிறது. கடைக்குப் போகிறவர்கள் இதை அறிய வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே செய்யும் ஃபர்னிச்சரை அதிகம் வாங்குவது ஜெர்மனி. அங்கே வீடு கட்டுவது குறைந்தால் இங்கே ஆர்டர் குறையும், ஷிப்ட் குறையும். அதனால் சம்பளத்தைவிட ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். 'உமோவா ஓ பிராட்செ' என்றால் முழு வேலை ஒப்பந்தம். தொடக்கத்திலேயே வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு. 'உமோவா ஸ்லெட்செனியா' என்றால் குறிப்பிட்ட வேலையைச் செய்து தருவதற்கான ஒப்பந்தம்; அதில் அந்த விடுப்புக்குச் சட்ட உத்தரவாதம் கிடையாது. ஏஜென்ட் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் நீட்டுவார். வேலை அனுமதியும் பெரும்பாலும் அந்த ஒரு முதலாளிக்கே உரியது. மாற நினைத்தால் புதிதாக எடுக்க வேண்டும்.

உங்கள் கையில் தையல் இருப்பது பெரிய பலம். சோபா உறை தைக்க நல்ல கை எப்போதும் தேவைப்படுகிறது. பீஸ் ரேட் முறை இங்கேயும் உண்டு, 'அக்கோர்த்' என்பார்கள். ஒரு உறைக்கு எவ்வளவு, துணி வராமல் மிஷின் சும்மா நிற்கும் நேரத்துக்கு என்ன கூலி என்று எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள், போலிஷ் பக்கத்தை நான் படித்துச் சொல்கிறேன்.