கேளுங்க, சொல்றேன்: அழுதா விசுவாசம் இல்லன்னு அர்த்தமா?

அக்கா, நாங்க பாம்பன் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகுல கூலிக்குப் போறவரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வருமானமே இல்ல, அது முடிஞ்சு கடலுக்குப் போன கொஞ்ச நாள்லயே படகு இலங்கைக் கடற்படைகிட்ட பிடிபட்டுருச்சு. ஆளு திரும்பி வந்துட்டாரு, படகு வரல. வட்டி ஏறிக்கிட்டே போகுது, நான் கடல்பாசி எடுக்கப் போறதுலதான் வீடு ஓடுது. போன மாசம் செபக்கூட்டத்துல என்னயறியாம அழுதுட்டேன். ஒரு அம்மா வந்து, "ஆண்டவர நம்புறவ முகத்துல சந்தோஷம் இருக்கணும், உனக்கு இல்லன்னா விசுவாசத்துல ஏதோ ஓட்டை இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைல இருந்து அழுகையோட பயமும் சேர்ந்துருச்சு. நெசமாவே எனக்கு விசுவாசம் இல்லையா?

தங்கச்சி, ஆளு வந்துட்டாருல்ல அதுவே போதும்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா போதாது. முதலாளிக்குப் போனது படகு, உனக்குப் போனது அடுப்பு. அதுக்கு அழாம எதுக்கு அழுவ?

அந்த அம்மா மனசுல இருந்த வசனம் எதுன்னு எனக்குத் தெரியும், "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்", பைபிள்ல பிலிப்பியருக்கு பவுல் எழுதுன கடிதம் நாலாம் அதிகாரம். எல்லாரும் அந்த ஒரு வரிய மட்டும் பிடுங்கி எடுத்து அடுத்தவங்க மேல வீசிட்டுப் போயிடுறாங்க, நீ உக்காந்து முழுக் கடிதத்தையும் படி, நாலே அதிகாரம்தான், சோறு வேகுறதுக்குள்ள படிச்சு முடிச்சிரலாம். மொதல்ல அத அவரு ஜெயில்ல இருந்து எழுதுறாரு. ரெண்டாம் அதிகாரத்துல அவரோட கூட்டாளி எப்பப்பிரோதீத்து சாகக் கிடந்து பொழச்ச கதைய சொல்லிட்டு, அவன் போயிருந்தா எனக்குத் துக்கத்து மேல துக்கம் வந்திருக்கும், கடவுள் எனக்கும் இரக்கம் காட்டுனாருங்குறாரு. மூணாவதுல கண்ணீரோட சொல்றேன்னு எழுதுறாரு. எப்பவும் மகிழுங்கன்னு சொன்ன அதே ஆளு, அதே கடிதத்துல! பவுல் விசுவாசத்துலயும் ஓட்டைன்னு சொல்லுவாங்களா அந்த அம்மா?

அபக்கூக்குன்னு ஒரு இறைவாக்கினர் இருக்காரு, அவரு புத்தகம் மூணே அதிகாரம். ஆரம்பமே சண்டைதான், எவ்வளவு காலத்துக்கு நான் கத்துறது, நீங்க காதுல வாங்க மாட்டீங்களான்னு ஆண்டவர்கிட்டயே கேக்குறாரு. கடைசில வந்து, அத்திமரம் பூக்கலன்னாலும், திராட்சை காய்க்கலன்னாலும், வயல் விளையலன்னாலும், கிடையில ஆடு இல்லன்னாலும், தொழுவத்துல மாடு இல்லன்னாலும் நான் ஆண்டவர்ல களிகூருவேன்னு முடிக்கிறாரு. கவனிச்சியா, மனுசன் இல்லாதத ஒன்னு விடாம எண்ணிப் பாத்துட்டுத்தான் களிகூருறாரு. உன் கடலோரத்துல பொறந்திருந்தா வலை மடியில எறால் இல்ல, வாடியில கருவாடு இல்ல, ஐஸ் பெட்டி காலி, வட்டிக்காரன் வாசல்லன்னு பாடியிருப்பாரு. இல்லாதத இருக்குற மாதிரி நடிக்கச் சொல்லி ஆண்டவர் யாரையும் கேக்கல. அந்த நடிப்ப நாமளா கண்டுபிடிச்சோம். (சாட்சி சொல்ல மைக்க பிடிக்கிறவங்க கடன் அடைஞ்ச கதையத்தான் சொல்றாங்க, அடையாதவங்ககிட்ட யாரும் மைக்க குடுக்குறதில்ல.)

அப்ப நிலைச்ச சந்தோஷம்னு ஒன்னு இல்லவே இல்லயான்னு கேப்ப. இருக்கு, ஆனா நீ நெனைக்கிற மாதிரி முகத்துல தெரியுற சிரிப்பு இல்ல அது. பாடு, அதான் மீன் வரத்து, நல்லா இருந்தா வர்ற சந்தோஷம் பாடு இல்லன்னா போயிடும், அது இயற்கை, அதுல தப்பு இல்ல. ஆண்டவர நம்பி வர்றது வேற, நம்ம கணக்கு ஐஸ் பெட்டியோட முடியல, நம்மள தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காருங்குற ஒரு தெம்பு. அது துக்கத்த வெளிய தள்ளிட்டு வராது, பக்கத்துலயே இருக்கும். பாம்பன் பாலத்துல நின்னு பாத்தா ஒரு பக்கம் பெண் கடல் அமைதியா கெடக்கும், மறுபக்கம் ஆண் கடல் சத்தம் போடும், நடுவுல சுவரா இருக்கு? அப்படித்தான்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. அந்த மகிழ்ச்சிக் கடிதமே பாதி நன்றிக் கடிதம். பிலிப்பி ஊர்க்காரங்க ஜெயில்ல இருந்தவருக்கு எப்பப்பிரோதீத்து கையில உதவி குடுத்து அனுப்பியிருக்காங்க, அத வாங்கிக்கிட்டு, என் கஷ்டத்துல பங்கு எடுத்தீங்க, நல்ல காரியம் பண்ணீங்கன்னு எழுதுறாரு. பசியிலயும் நிறைவுலயும் வாழக் கத்துக்கிட்டேன்னு சொன்னவருக்கே அடுத்தவங்க கை தேவப்பட்டுச்சு. அதனால நீ வீட்டுக்குள்ளயே வச்சுப் புழுங்காத, பங்கு ஃபாதர்கிட்ட சொல்லு, மகளிர் குழுவுல கடன் கேட்டு மொதல்ல அந்தக் கந்துவட்டிய அடைக்க வழி பாரு. தடைக்கால நிவாரணம் அவரு பேருல ஒழுங்கா வந்துச்சான்னும் பாரு, நெறைய பேருக்கு பேங்க் கணக்குல ஏதாவது கோளாறாகி நின்னுபோகுது.

ராத்திரி செபம் பண்றப்ப அழுகை வந்தா அழு. திருப்பாடல் 88 எடுத்துப் படி, அது கடைசி வரைக்கும் இருட்டுலயே முடியுது, முடிவுல ஒரு ஆறுதல் வரி கூட கெடையாது, அதையும் பைபிள்லதான் வச்சிருக்காங்க. அடுத்த கூட்டத்துக்குப் போ, அதே எடத்துல உக்காரு.

அக்கா, எங்க அப்பத்தா 1964 புயல்ல தனுஷ்கோடில அப்பாவையும் தங்கச்சியையும் பறிகொடுத்தவங்க, அப்ப சின்னப் புள்ள. இப்பவும் வருஷா வருஷம் டிசம்பர்ல அங்க இடிஞ்சு கெடக்குற சர்ச்சுகிட்ட போயி மெழுகுவர்த்தி வச்சு அழுவாங்க, திரும்பி வர்றப்ப பஸ்ல கண்டக்டர்கிட்ட ஜோக் அடிச்சுட்டு வருவாங்க. எப்படி முடியுது? மறந்துட்டாங்களா? (ராமேஸ்வரம் வாசகர்)

தம்பி, மறந்தவங்க எதுக்கு வருஷா வருஷம் மெழுகுவர்த்தி தூக்கிட்டுப் போறாங்க? டிசம்பர் 22 ராத்திரி அந்தப் புயல் ரயிலையே கடலுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு, அதுக்கப்புறம் அரசாங்கம் அந்த ஊர வாழத் தகுதியில்லாத எடம்னு சொல்லிருச்சு. அத்தனையும் கண்ணால பாத்தவங்க. அழ வேண்டியத அழ வேண்டிய எடத்துல அழுதுட்டு வர்றாங்க, அதனால பஸ்ல சிரிக்க முடியுதுன்னு எனக்குத் தோணுது. ஆனா இத என்கிட்ட ஏன் கேக்குற, அவங்க பக்கத்துல உக்காந்து கேளு, போன்ல ரெக்கார்ட் பண்ணி வை.

அக்கா, எங்க ஊரு கீழக்கரை. எங்க காக்கா (அண்ணன்) பல மாசமா யார்கிட்டயும் பேசல, தூக்கம் இல்ல, சோறு எறங்கல, தொழுகைக்கும் எழும்புறதில்ல. ஈமான் (இறைநம்பிக்கை) கொறஞ்சிருச்சுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ஏர்வாடி தர்காவுல கொண்டுபோய்த் தங்க வைக்கலாமான்னு உம்மா கேக்குறாங்க.

ஈமான் பேச்ச விடுங்க. பல மாசமா தூக்கமும் சோறும் போச்சுன்னா அது மனச்சோர்வு நோயா இருக்கலாம், மருந்து இருக்குற நோய். எந்த நோயையும் மருந்து இல்லாம அல்லாஹ் இறக்கலன்னு நபிமொழி இருக்கே, உம்மாகிட்ட அத ஞாபகப்படுத்துங்க. ஏர்வாடிக்கு துஆ கேக்கப் போங்க, தாராளமா போங்க, ஆனா தனியா விட்டுட்டு வர்ற எடமா நெனைக்காதீங்க. 2001 ஆகஸ்ட் 6ம் தேதி அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலில கட்டியிருந்த 28 பேரு எழும்பி ஓட முடியாம செத்தாங்க, நம்ம ஜில்லாக்காரங்க அத மறக்கக் கூடாது. இப்ப தர்கா பக்கத்துலயே டாக்டர் பாத்து மாத்திரையும் குடுக்குற ஏற்பாடு இருக்கு, தவா துவான்னு பேரு, மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே. இல்லன்னா ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டர பாருங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, காசு கெடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். செத்துரலாம்னு ஒரு வார்த்தை காக்கா வாயில வந்துச்சுன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க.