மான்டே கார்லோ ராலியில் ஒரே காரில் இரண்டு வகை டயர் ஏன்?

கேள்வி: மான்டே கார்லோ ராலி படங்களில் சாலையெல்லாம் பனியாகத் தெரிகிறது. ஆனால் சில கார்கள் தார்ச்சாலை டயரோடு ஓடுகின்றன. சில கார்களில் இரண்டு சக்கரத்தில் ஆணி டயர் (ரப்பரில் சின்ன உலோக ஆணிகள் பதித்த பனி டயர்), இரண்டில் சாதாரண டயர். நான்கிலும் பனி டயரையே போட்டுவிட்டால் என்ன?

படம் எடுப்பவர்கள் பனி கிடக்கிற வளைவாகப் பார்த்துத்தான் போய் நிற்பார்கள், அதனால் அப்படித் தெரிகிறது. இது ஜனவரி மாதத்தில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடக்கிற போட்டி. 1911-இல் ஆரம்பித்தது. உலக ராலி சாம்பியன்ஷிப் 1973-இல் பிறந்தபோது அதன் முதல் சுற்று இதுதான். இன்றும் சீசன் இங்கேதான் தொடங்குகிறது. அடிவாரத்தில் காய்ந்த தார், பாதி ஏற்றத்தில் ஈரம், கணவாயில் ஐஸ், இறக்கத்தில் மறுபடி காய்ந்த தார். இத்தனையும் ஒரே ஸ்டேஜுக்குள் (சாலையை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் பகுதி), இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வந்துபோகும். ஸ்வீடன் ராலியில் இந்தத் தலைவலி கிடையாது. அங்கே முழுக்கப் பனி, டயருக்கு 384 ஆணி, அவ்வளவுதான்.

சிஸ்தரோனிலிருந்து தோவார் போகும் பழைய ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 36 கிலோமீட்டருக்கு மேல். சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரிலிருந்து கிளம்பி, 1,304 மீட்டரில் இருக்கும் ஃபோன்பெல் கணவாயைத் தாண்டி இறங்க வேண்டும். கீழே வெயிலில் தார் உலர்ந்து கிடக்கும். கணவாயை நெருங்கும் காட்டுப்பகுதியில் ஜனவரி முழுக்க வெயிலே படாத வளைவுகள் உண்டு. அங்கே பெய்த பனி, கார்கள் அழுத்தி அழுத்தி மெருகேறி, ஐஸாகவே இருக்கும். அந்தச் சில கிலோமீட்டருக்காக மீதி முப்பது கிலோமீட்டரையும் ஆணி டயரில் ஓட்டுவதா என்பதுதான் அணிகள் ஒவ்வொரு வருடமும் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளும் கணக்கு.

காய்ந்த தாரில் ஆணி டயர் என்ன செய்கிறது? முதலில், ஆணியின் உலோக நுனிதான் தரையைத் தொடுகிறது; ரப்பர் முழுசாகப் படியாது. பிரேக் அடித்தால் கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். இரண்டாவது, பனி டயரின் ரப்பர் கட்டைகள் உயரமானவை, அவற்றில் நிறைய வெட்டுகள் இருக்கும். வளைவில் திருப்பும்போது அந்தக் கட்டைகள் ஆடும். ஆடினால் சூடாகும், சூடானால் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். மூன்றாவதுதான் மோசம்: சூட்டில் ரப்பர் இளகியதும் ஆணி தன் குழியிலிருந்து கழன்று பறக்கும். ஐஸ் வருகிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது, எதற்காகப் போட்டோமோ அந்த ஆணியே பாதி இருக்காது. மான்டே கார்லோவுக்கான ஆணிகளை ஸ்வீடன் ஆணியைவிடக் குட்டையாக வைப்பது இதனால்தான். ஆணி இல்லாத பனி டயரும் உண்டு. ஈரம், சேற்றுப்பனி, லேசான உறைபனிக்கு அது போதும். கெட்டியான ஐஸில் கை கொடுக்காது.

கணக்கு எப்படிப் போடுவார்கள் என்று புரிய, ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துக்கொள்வோம். நடுவில் சர்வீஸ் (அணியின் மெக்கானிக்குகள் காரைக் கவனிக்கும் நிறுத்தம்) இல்லாமல் ஓட வேண்டிய ஸ்டேஜ்கள் மொத்தம் 60 கிலோமீட்டர். தார் டயர் ஐஸில் கிலோமீட்டருக்கு 5 வினாடி இழக்கிறது. ஆணி டயர் காய்ந்த தாரில் கிலோமீட்டருக்கு 2 வினாடி இழக்கிறது. ஐஸ் 10 கிலோமீட்டர்தான் என்றால் தார் டயருக்கு இழப்பு 50 வினாடி, ஆணி டயருக்கு 100. கார் ஐஸில் வழுக்கி வழுக்கிப் போவது பார்க்கப் பதறும், ஆனாலும் தார் டயர்காரர்தான் ஜெயிப்பார். அதே சாலையில் ஐஸ் 25 கிலோமீட்டர் என்றால் தார் டயருக்கு 125, ஆணி டயருக்கு 70. தலைகீழ்.

கலப்பு டயரின் (இரண்டு ஆணி, இரண்டு தார்) வேலை இங்கேதான் வருகிறது. இரண்டு ஆணி டயர் இருந்தாலே ஐஸில் காரை நிறுத்தவும் திருப்பவும் முடியும். நான்கு போட்டால் கிடைப்பதில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலேயே கிடைத்துவிடும். அதனால் கலப்புக்கு ஐஸில் 2 வினாடி, தாரில் 0.8 வினாடி இழப்பு என்று வையுங்கள். முதல் நிலைமையில் 60 வினாடி, இரண்டாவதில் 78. இரண்டிலும் அது முதலிடம் இல்லை. இரண்டிலும் முதலிடத்துக்குப் பத்து வினாடிக்குள் இருக்கிறது. மேலே ஐஸ் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்தால் கலப்பு தேவையே இல்லை. தெரியாதபோது அது ஒரு காப்பீடு. 2019-இல் செபஸ்தியன் ஓஜியே, தியெரி நூவிலை வென்றது 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்த பிறகு வெறும் 2.2 வினாடியில். அந்த அளவில் பத்து வினாடி காப்பீட்டுத் தொகைகூடச் சிலருக்கு அதிகமாகத்தான் படும்.

கலப்பு என்றால் பெரும்பாலும் குறுக்காகத்தான் மாட்டுவார்கள். இடது முன், வலது பின் ஆணி. வலது முன், இடது பின் தார் டயர். அல்லது இதற்கு மாறாக. முன்னால் இரண்டும் ஆணி என்று போட்டால் ஐஸில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் சுழன்று வெளியே போகும். ஒரே பக்கம் போட்டால் பிரேக் அடித்ததும் கார் அந்தப் பக்கமே திரும்பிக்கொள்ளும். குறுக்காகப் போட்டால் ஒவ்வொரு அச்சிலும் ஒன்று, ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. இழுப்பு பெருமளவு சமன்படும். முழுசாகச் சமன்படாது, பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் வருவதால் முன்சக்கரத்தின் இழுப்பு ஜெயிக்கும். இடது முன் ஆணி என்றால் ஐஸில் பிரேக் அடிக்கும்போது கார் இடப்பக்கமும், காய்ந்த தாரில் வலப்பக்கமும் இழுக்கும். ஸ்டீயரிங் பிடித்தவர் இதை மனதில் வைத்தே ஒவ்வொரு பிரேக்கும் அடிக்க வேண்டும்.

எந்த முன்சக்கரத்தில் ஆணி என்பதும் குத்துமதிப்பாக முடிவாவதில்லை. வலது வளைவில் பாரம் ஏறுவது இடது முன்சக்கரத்தில். ஐஸ் கிடக்கிற மோசமான வளைவுகள் பெரும்பாலும் வலது வளைவுகள் என்றால் ஆணி இடது முன்னால் போகும். நேரலையில் ஒரே கார் இடது வளைவில் ஒட்டிக்கொண்டு போய், அடுத்த வலது வளைவில் அகலமாகச் சறுக்குவதைப் பார்த்தால், ஓட்டுநரைக் குறை சொல்வதற்கு முன் டயரைப் பாருங்கள்.

காரில் இரண்டு ஸ்டெப்னி வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆக ஆறு டயர். நான்கு சூப்பர்சாஃப்ட் (மிக மென்மையான ரப்பர்) தார் டயர், இரண்டு ஆணி டயர் என்பது அடிக்கடி பார்க்கும் கூட்டு. ரிம்மோடு சேர்த்து ஒரு ஸ்டெப்னி 20 கிலோவை ஒட்டி வரும், அந்தப் பாரமும் கணக்கில் சேரும். ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் நடுவே சாதாரணச் சாலையில் போகும்போது ஓட்டுநரும் கோ-டிரைவருமே (பக்கத்தில் உட்கார்ந்து சாலைக் குறிப்பை வாசிப்பவர்) இறங்கி, காரில் இருக்கும் ஜாக்கியைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மெக்கானிக் தொடக் கூடாது. அடுத்த டைம் கன்ட்ரோலுக்கு (குறித்த நிமிடத்தில் வந்து பதிவு செய்ய வேண்டிய இடம்) லேட்டாகப் போனால் நிமிடத்துக்கு 10 வினாடி அபராதம். சீக்கிரம் போனால் நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். சீக்கிரம் போனதற்கான தண்டனை அந்தக் காலத்தில் இன்னும் கடுமை. 1985-இல் அரி வாடனன் அணிக்கு இதே தவறுக்காக 8 நிமிடம் விழுந்தது. பூஜோ 205 காரில் துரத்தி, வால்டர் ரோர்லைத் தாண்டி அந்த ராலியை அவரே ஜெயித்தார் என்பது தனிக்கதை.

மேலே ஐஸ் எவ்வளவு என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? ஒவ்வொரு முன்னணி ஓட்டுநருக்கும் ஒரு ஐஸ் குழு இருக்கும். பெரும்பாலும் முன்னாள் ராலி ஓட்டுநர்கள். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக, சாதாரணக் காரில் ஸ்டேஜ் முழுவதையும் கடந்து போவார்கள். ஓட்டுநர் ஏற்கெனவே எழுதிய பேஸ் நோட்டின் (சாலையை வளைவு வளைவாக விவரிக்கும் குறிப்பு) பிரதி கையில் இருக்கும். அதில் வளைவு வளைவாக, எங்கே ஈரம், எங்கே உறைபனி, எங்கே ஐஸ், சாலையின் எந்தப் பாதியில், எத்தனை மீட்டருக்கு என்று நிறம் மாற்றிக் குறித்து அனுப்புவார்கள். கோ-டிரைவர் அதைத் தன் நோட்டில் ஏற்றிக்கொள்வார்.

சிக்கல், அந்தத் தகவல் அனுப்பிய நொடியிலிருந்தே பழசாகத் தொடங்குகிறது. விடியற்காலை உறைபனி என்று எழுதியது ஒன்பது மணிக்கு வெறும் ஈரமாகியிருக்கும். மாலையில் நடப்பது இன்னும் பொல்லாதது. பகல் முழுக்க ஓரத்துப் பனி உருகி, தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடும். வெயில் மறைந்ததும் அதே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலமாக உறையும். ஐஸ் குழு போனபோது ஈரம், போட்டிக் கார் வரும்போது ஐஸ். பாறைச்சுவரில் நீர் கசியும் இடம், வடக்குப் பார்த்த சரிவு, பாலத்தின் மேல்தளம், இந்த மூன்றையும் நல்ல குழுக்கள் ஈரமாக இருந்தாலும் ஐஸ் என்றே எழுதிவைக்கும். பார்வையாளர்கள் சேர்க்கும் பனி வேறு. இந்த ராலியின் புகழ்பெற்ற துரீனி கணவாயில் வேடிக்கைக்காகச் சாலையில் பனியை அள்ளிப் போடுவது பழைய பழக்கம். 2005-இல் மார்க்கஸ் குரோன்ஹோல்ம், பெட்டர் சோல்பெர்க் இருவருமே அப்படிப் போட்டதாகச் சொல்லப்பட்ட பனியில் சறுக்கி, சுவரில் மோதிச் சக்கரத்தை இழந்தார்கள்.

ஐஸைவிட, ஐஸ் முடிந்த அடுத்த ஒரு கிலோமீட்டர்தான் அதிகம் ஏமாற்றும் என்பேன். ஐந்து கிலோமீட்டர் ஐஸில் மெதுவாகப் போனதில் தார் டயரின் சூடு இறங்கியிருக்கும், பிரேக் டிஸ்க்கும் ஆறியிருக்கும். தார்ச்சாலைக்கான 370 மில்லிமீட்டர் முன் டிஸ்க் நல்ல சூட்டில்தான் கடிக்கும். காய்ந்த தாரைக் கண்டதும் பழைய வேகத்தில் போய் பிரேக் அடித்தால் டயரும் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது. அனுபவசாலிகள் ஐஸ் முடிவதற்குள்ளேயே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்து டிஸ்க்கைச் சூடேற்றி வைப்பார்கள்.

காரின் மற்ற அமைப்புகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முழுத் தார் ராலிக்கு வைப்பதைவிட உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, ஸ்பிரிங்கையும் ஆன்டி-ரோல் பாரையும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இளக்கி, ஐஸ் ஸ்டேஜில் பிரேக் பங்கீட்டைச் சற்றுப் பின்னால் தள்ளுவார்கள். பனிமேட்டில் மூக்கை இடித்தால் கிரில்லில் பனி அடைத்து எஞ்சின் சூடாகும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சரியான டயரைத் தேர்ந்துவிட்டாலும் ஒரு பஞ்சர் எல்லாவற்றையும் அழித்துவிடும். முன்னால் போன கார்கள் வளைவை உள்பக்கமாக வெட்டி வெட்டி, ஓரத்து மண்ணையும் கூர்கற்களையும் தாருக்கு இழுத்துவந்திருக்கும். 2022-இல் முன்னணியில் இருந்த ஓஜியேவுக்குக் கடைசிக்கு முந்தைய ஸ்டேஜில் முன் டயர் பஞ்சர். அரை நிமிடத்துக்கு மேல் போனது. ராலி 47 வயது செபஸ்தியன் லோபுக்குப் போனது, 10.5 வினாடி வித்தியாசத்தில்.

அடுத்த முறை பார்க்கும்போது ஸ்டேஜ் முடிவு நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நடுவில் வரும் ஸ்பிளிட் நேரங்களைப் பாருங்கள். முதல் ஸ்பிளிட்டில் எட்டு வினாடி பின்தங்கி, கணவாய் தாண்டிய ஸ்பிளிட்டில் பத்து வினாடி முன்னால் இருப்பவர் ஆணி டயர்காரர். இறக்கத்தில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் காய்ந்த தார் மிச்சம் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தால், அந்தப் பத்து வினாடி தாங்குமா தாங்காதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.