கூகுளில் 4.8 நட்சத்திரம் இருக்கும் கடை சுமாராகவும், 4.2 இருக்கும் கடை அருமையாகவும் இருப்பது ஏன்?

வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் லாட்ஜ் இருக்கிறது. 14 அறை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். தங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள். பங்களாதேஷ்காரர்களும் உண்டு. அதனால் எங்கள் சந்தில் வங்காளி எழுத்து இல்லாத போர்டு அபூர்வம். கணக்குப் புத்தகம் அப்பா கையில், கூகுள் பக்கம் என் கையில். காலையில் காபிக்கு முன்னால் நட்சத்திரம் பார்க்கிறவன் என்கிற ஒரே தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஒருநாள் பார்த்தால் 4.6 இருந்தது 4.5 ஆகியிருந்தது. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இன்னாடா இது, நேத்து ராத்திரி கூட நல்லா இருந்துச்சே" என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் ராஞ்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். 18 நாள் மனைவியோடு தங்கி, மாடிச் சமையல்கட்டில் தினமும் எங்களுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டவர். போகும்போது அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினார். நட்சத்திரத்துக்குக் கீழே இந்தியில் 'ரொம்ப நல்லா இருக்கு' என்று வேறு எழுதியிருந்தது.

எனக்குத் தெரிந்த இந்தியில் போன் போட்டுக் கேட்டேன். "ஏக் நம்பர், பாயி! ஏக் நம்பர்!" என்றார் சந்தோஷமாக. இந்தியில் 'ஏக் நம்பர்' என்றால் முதல் தரம். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவன்தானே கெட்டிக்காரன்? ஐந்தாம் ரேங்கையா ஒருவருக்கு வாழ்த்தாகக் கொடுப்பார்கள்? அவர் கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் எங்கள் கணக்கு இடித்தது. அதுவரை 40 பேர் போட்டிருந்தார்கள், மொத்தம் 184 நட்சத்திரம், சராசரி 4.6. இவருடையது சேர்ந்ததும் 41 பேர், 185. பழையபடி சரியாக 4.6 வரவேண்டுமானால் அடுத்து வருகிற 9 பேர் வரிசையாக ஐந்து ஐந்தாகப் போடவேண்டும். ஒருவருடைய அன்பைச் சரிக்கட்ட ஒன்பது பேர்! இதுவே 2,000 பேர் போட்ட கடையாக இருந்தால் இந்த ஒன்று வந்ததே தெரிந்திருக்காது. ஆகவே 4.8 என்று பார்த்ததும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எத்தனை பேர் என்று பாருங்கள். 35 பேர் என்றால் அதில் பாதி மாமன் மச்சானாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது மார்க் போடும் பழக்கம். போளூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருஷத்துக்கு இரண்டு தடவை செக்கப்புக்கு வருவார். எப்போதும் எங்களிடம்தான் தங்குவார், அவருக்கு மூன்று நட்சத்திரம்தான் கை வரும். தாங்காமல் கேட்டுவிட்டேன். "தம்பி, அஞ்சுக்கு மூணுன்னா நூத்துக்கு அறுபது. அறுபது ஃபர்ஸ்ட் கிளாஸ். கொசுவலை போட்டிருந்தீங்கன்னா டிஸ்டிங்ஷனே குடுத்திருப்பேன்" என்றார். நூற்றுக்கு நூறு யாருக்கும் போடக்கூடாது என்று முப்பது வருஷம் பேப்பர் திருத்திய கை அது. நம் ஊரில் மூன்று போடுகிறவர்களில் நிறையப் பேர் இந்தக் கட்சி. அதே மூன்றைப் பார்த்துவிட்டு, 'சுமார் போல, வேறு இடம் பார்க்கலாம்' என்று அடுத்தவர் போய்விடுகிறார். போடுகிறவர் ஒரு மொழியில் போடுகிறார், படிக்கிறவர் வேறு மொழியில் படிக்கிறார்.

நட்சத்திரம் என்ற சொல்லே ஆளைக் குழப்புகிறது. ஒருவர் பெட்டியோடு இறங்கியதும் "நாலரை ஸ்டார்னு போட்டிருக்கே, லிஃப்ட் எங்கே, ஏசி எங்கே?" என்று கேட்டார். நாள் வாடகை 500 ரூபாய்! ஹோட்டல்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் வசதிகளைப் பார்த்துக் கொடுக்கிற ஸ்டார் வேறு, தங்கிவிட்டுப் போனவர்கள் கூகுளில் போடுகிற ஸ்டார் வேறு. ஃபிரிட்ஜ், ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டாரோ மூன்றாவது ரகம், அது மின்சாரச் செலவுக் கணக்கு. அதிலும் அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்கள். 2022 ஜூலையில் அப்படி மாற்றியபோது, அதுவரை 5 ஸ்டாராக இருந்த ஏசி அப்படியே 4 ஸ்டார் ஆனது. லிஃப்ட் கேட்ட மனிதர் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடையது நிஜமான ஒன்று.

எங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான ரிவ்யூ அறையைக் காலி செய்த அன்று சாயங்காலம், காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரும். ஆஸ்பத்திரியில் நல்ல சேதி சொல்லியிருந்தால் எங்கள் உப்புத்தண்ணீர்கூட இனிக்கும், ஐந்து விழும். ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருந்தால் போன மாதம் கண்ணில் படாத சுவர் விரிசல் இந்த மாதம் படும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வேறு எங்கே போய்க் கொட்டுவார்கள்?

கேள்வியில் கேட்ட கடைக்கு வருகிறேன். சுமாராகத் திருப்திப்பட்டவன் எழுதமாட்டான். நெகிழ்ந்தவனும் கொதித்தவனும்தான் போனை எடுப்பார்கள். யூடியூபில் முன்பு ஐந்து நட்சத்திர முறைதான் இருந்தது. போடுகிற எல்லோரும் ஐந்துதான் போடுகிறார்கள், இடையில் உள்ளதை யாரும் சீண்டுவதில்லை என்று அவர்களே 2009-ல் எழுதினார்கள், 2010-ல் கட்டைவிரலுக்கு மாறினார்கள். நெட்ஃபிளிக்ஸும் 2017-ல் அதே வழிக்குப் போனது. அமேசான் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டது, ஆனால் வெறும் சராசரி போடுவதில்லை. எப்போது போட்டது, உண்மையிலேயே வாங்கியவர் போட்டதா என்றெல்லாம் பார்க்கிறது.

கூட்டம் அலைமோதும் பழைய பிரியாணிக் கடைக்கு 4.2 வருவது இப்படித்தான். ஆம்பூர் பக்கம் அப்படி ஒரு கடையின் ஒரு நட்சத்திர ரிவ்யூக்களை ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். 'வண்டி நிறுத்த இடமில்லை.' 'அரை மணி நேரம் நின்றேன்.' 'மூன்று மணிக்குப் போனால் தீர்ந்துவிட்டதாம்.' பிரியாணியைக் குறை சொன்னவர் இரண்டே பேர். எனக்கு அப்போதே பசித்துவிட்டது. புதிதாகத் திறந்த கடைக்கு 4.8 இருக்கிறதென்றால் 'டேபிளில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடில் ஐந்து போட்டால் குல்ஃபி இலவசம்' என்கிற விவகாரமாக இருக்கலாம். இப்படிப் பரிசு கொடுத்து வாங்குவது கூகுள் விதிப்படியே தப்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரத்தைக் கொண்டுவந்தது, ஆனால் அப்போது அதைக் கட்டாயமாக்கவில்லை. குல்ஃபி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் வெளியூர் போனால் ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று போட்டவர்கள் எழுதியதைத்தான் படிப்பேன். 'ரூம் சுத்தம், சுடுதண்ணி காலை ஏழு வரைக்கும்தான்' என்று நிதானமாக எழுதுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் வாத்தியார்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ராஞ்சிப் பெரியவரின் ஒற்றை நட்சத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. மாற்ற அவருக்குத் தெரியவில்லை, வரும்போது என்னையே மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். எப்போது வருவார் என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்ட வருவதற்கும் ரிவ்யூ என்றுதான் பேர். நான் போனில் "ரிவ்யூ... ரிவ்யூ..." என்று நட்சத்திரத்தைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் உடனே சொல்லிவிட்டார்: "மார்ச்சில், பாயி. டாக்டர் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே ரூம் வேண்டும்."