மல்லி மொட்டிலும் மலரிலும் ஒரே புரதத்தின் அளவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒப்பிடுவது எப்படி?

மதுரை மல்லியின் மொட்டு, விரிந்த பூ இரண்டின் சாற்றிலும் எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது அயனிகளின் நிறையை அளக்கும் கருவி. அதன் வரைபடத்தில் வெவ்வேறு பெப்டைடுகளின் (புரதத்தை வெட்டினால் கிடைக்கும் சிறு துண்டுகள்) சிகர உயரத்தை ஒப்பிடவே வேண்டாம். ஒவ்வொன்றின் அயனியாகும் திறனும் வேறு. அதே பெப்டைடை இரு மாதிரிகளிலும் ஒப்பிட்டால்தான் விகிதம் நம்பத்தக்கது.

புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டியபின், மொட்டுச் சாற்றுக்கு ஒன்று, பூச் சாற்றுக்கு வேறொன்று என்று டிஎம்டி (TMT) எனும் வேதிக் குறியீடுகளை ஒட்டலாம். அவற்றின் மொத்த நிறை கிட்டத்தட்ட ஒன்றுதான். மாதிரிகளைக் கலந்து ஓட்டினால் இரண்டிலும் உள்ள அதே பெப்டைடு ஒரே சிகரமாக வரும். கருவிக்குள் உடைத்ததும் குறியீடுகளிலிருந்து 126, 127 என்ற நிறையுள்ள தனித்தனி அயனிகள் பிரியும். அவற்றின் உயர விகிதமே விடை. ஆனால் கூடவே நுழையும் பிற பெப்டைடுகளும் அதே அயனிகளைத் தருவதால் உண்மையான வித்தியாசம் சுருங்கித் தெரியும். மூன்றாம் கட்ட உடைப்பு வசதியுள்ள கருவி என்றால் இது வெகுவாகக் குறையும்.

கனமான அமினோ அமிலங்களை ஊட்டிப் புரதங்களுக்கு அடையாளமிடும் சிலாக் (SILAC) முறை இங்கே சரிவராது. செடி தன் அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ளும் என்பதால் ஊட்டியது முழுதாகச் சேராது.

செலவு இடித்தால், மாதிரிகளைத் தனித்தனியாக ஓட்டி ஒப்பிடும் குறியீடில்லா முறை போதும். அப்புறம், தனித்தனிச் செடிகளில் குறைந்தது மூன்றிலிருந்தாவது பூ எடுங்கள். ஒரே சாற்றை மூன்று தடவை ஓட்டுவது அதற்கு ஈடாகவே ஆகாது.